கத்திரி யார் கைல இருக்கு? அனிமே, சினிமா, ஆல்பம் மூணுக்கும் மியூசிக் எழுதற விதம்

லேப்டாப்ல எஃப்எல் ஸ்டுடியோவோ ரீப்பரோ மாதிரி மியூசிக் சாஃப்ட்வேர் வச்சிட்டு பிஜிஎம் போட ஆரம்பிக்கிறவங்க நிறைய பேரு, ஹெட்போன்ல கேட்டா புல்லரிக்கிற மாதிரி நாலு நிமிஷத்துக்கு ஒரு ட்ராக் போட்டுட்டு, இதை ஷார்ட் ஃபிலிமுக்கும் வச்சுக்கலாம், அனிமே ப்ராஜெக்ட் ஏதாவது வந்தா அதுக்கும் குடுத்துடலாம், ஸ்பாட்டிஃபைலயும் ஏத்திடலாம்னு நினைக்கிறாங்க. முடியாதுன்னு இல்ல, ஆனா மூணு இடத்துலயும் அரைகுறையாத்தான் நிக்கும். ஏன்னா ட்யூன் ஒண்ணா இருக்கலாம், அதை வெட்டப்போற ஆள் மூணு இடத்துலயும் வேற. சினிமால எடிட்டர் வெட்டின படத்துக்கு நீங்க அளந்து எழுதறீங்க. டிவி அனிமேல நீங்க எழுதினதை சவுண்ட் டைரக்டர் எடுத்து அவர் இஷ்டத்துக்கு வெட்டிக்குவார். ஆல்பத்துல கத்திரி உங்க கைலயே இருக்கு, ஆனா கேக்கறவன் கைல ஸ்கிப் பட்டன் இருக்கு. எழுத உக்கார்றதுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

முதல்ல டிவி அனிமேலருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா நம்மாளுங்க அதிகமா தப்பா புரிஞ்சு வச்சிருக்கறது இதைத்தான்.

அனிமே எபிசோட பாத்தா மியூசிக் சீனுக்கு சீன் அவ்ளோ கரெக்டா வந்து உக்காரும், அதனால கம்போசர் ஒவ்வொரு எபிசோடையும் போட்டுப் பாத்து நம்ம ஊர்ல ரீரெக்கார்டிங் பண்ற மாதிரி வாசிச்சிருப்பார்னு தோணும். பெரும்பாலான டிவி சீரிஸ்ல அப்படி இல்ல. கம்போசர் எழுதற நேரத்துல அனிமேஷனே ரெடியாகியிருக்காது. அவர் கைல இருக்கறது கதைச் சுருக்கம், கொஞ்சம் ஸ்கிரிப்ட், கேரக்டர் டிசைன், லக் இருந்தா கொஞ்சம் ஸ்டோரிபோர்டு. அப்புறம் முக்கியமா சவுண்ட் டைரக்டர் போட்டுக் குடுக்கற ஒரு லிஸ்ட், அதை மியூசிக் மெனுன்னு சொல்லுவாங்க. எம்-1 மெயின் தீம், எம்-2 தினசரி வாழ்க்கை காலை நேரம், எம்-3 காமெடி, எம்-4 சந்தேகம், எம்-5 சண்டை ஆரம்பம், எம்-6 சண்டை தோக்கறது, இப்படி போகும். ஒரு 12 எபிசோட் சீசனுக்கு சுமாரா 40, 50 ட்ராக் வரைக்கும் போகலாம். எல்லாத்தையும் மொத்தமா ரெக்கார்ட் பண்ணி சவுண்ட் டைரக்டர்கிட்ட குடுத்துட்டா, அப்புறம் ஒவ்வொரு எபிசோட் வரும்போதும் அவரும் அவர் டீமும் எந்த சீனுக்கு எது, எந்த இடத்துல நுழையணும், எங்க நிக்கணும்னு முடிவு பண்ணிக்குவாங்க. ஜப்பான்ல இதுக்கு தமேதோரின்னு பேரு, முன்னாடியே எடுத்துச் சேத்து வச்சுக்கற முறை.

இந்த எம் நம்பர் எவ்ளோ ஆழமா ஊறிப்போன விஷயம்னு பாக்கணும்னா எவாஞ்சலியன் எடுத்துக்கங்க. 1995-ல வந்த சீரிஸ், மியூசிக் ஷிரோ சாகிசு. அதுல போருக்கு ரெடியாகற சீன்ல டிம்பனி அடிச்சு வர்ற ட்ராக் இருக்குல்ல, அதோட நம்பர் இஎம்20. அதே டைரக்டர் ஹிடேயாகி அன்னோ 2016-ல ஷின் காட்ஸில்லா எடுத்தப்போ அதே ட்ராக்கை சாகிசு புதுசா அரேஞ்ச் பண்ணிக் குடுத்தார், அந்த ஆல்பத்துலயும் ட்ராக் பேர்ல இஎம்20ன்னே இருக்கும். இருபத்தொரு வருஷம் கழிச்சு, வேற கதை, வேற ராட்சசன், ஆனா மீட்டிங் போட்டு ப்ளான் பண்ற சீன்ல கச்சிதமா உக்காருது. எந்த சீனுக்கும் அளந்து எழுதாததாலதான் அது எங்க வேணா போய் உக்காருதுன்னு நான் நினைக்கறேன்.

சரி, அந்த மாதிரி வெட்டறதுக்கு வாகா எப்படி எழுதறது? ஒரு ட்ராக்கை முழுசா போட்டுக் காட்டறேன். எம்-4, சந்தேகம், டெம்போ 72, அதாவது நிமிஷத்துக்கு 72 பீட், நாலு பீட் சேந்தா ஒரு பார். 72ல ஒரு பார் 3.33 செகண்ட் வரும், அதனால 6 பார்னா சரியா 20 செகண்ட், கணக்கு சுலபம். முதல் 6 பார்ல மெலடியே கிடையாது, செல்லோ கீழ ஒரே நோட்டை இழுத்துட்டு இருக்கு, மேல பிட்ஸிகாட்டோ, அதாவது வில் இல்லாம விரலால சுண்டற ஸ்ட்ரிங்ஸ், நாலு நாலா தட்டுது, அவ்ளோதான். இது வசனத்துக்கு அடியில போக. அடுத்த 12 பார், அதாவது 20லேருந்து 1 நிமிஷம் வரைக்கும், கிளாரினெட்ல மூணே நோட்ல ஒரு மோட்டிஃப், அதாவது குட்டி ட்யூன் துண்டு, வாசிச்சிட்டு ரெண்டு பார் சும்மா இருக்கும், திரும்ப வாசிக்கும். 1 நிமிஷம் வர்ற இடத்துல பிட்ஸிகாட்டோ ஒரு பீட் முன்னாடியே நிக்குது, ஒரு சின்ன மூச்சு. இங்கதான் சவுண்ட் டைரக்டர் வெட்டுவார்னு தெரிஞ்சே விட்ட இடம் அது. அடுத்த 12 பார்ல ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் சேந்து ஏறுது, 1:40ல உச்சி. கடைசி 6 பார் இறங்கி, கடைசி நோட்டு முடிவு சொல்லாம தொங்கல்ல நிக்குது, ரிவர்ப் வால், அதான் நோட்டு நின்னப்புறம் வர்ற எதிரொலி, ஒரு நாலு செகண்டாவது தனியா ஒலிக்க விடணும். இப்போ இந்த ஒரே ட்ராக்ல முதல் 20 செகண்டை மட்டும் எடுத்து ரெண்டு தடவை ஓட்டலாம், 1 நிமிஷத்துலருந்து ஆரம்பிச்சு நேரா ஏறலாம், முன்பாதியை வச்சுட்டு வாலை ஒட்டி முடிச்சுடலாம். இதுல ஹார்மனியை, அதாவது ட்யூனுக்கு அடியில சேந்து ஒலிக்கற நோட்டுங்களை, ரொம்ப அலையவிட்டா இந்த ஒட்டு எதுவும் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு பகுதியும் அதே ஸ்கேல்ல, கூடுமானவரைக்கும் அதே நோட்டுக் கூட்டத்துல (கார்ட்னு சொல்லுவாங்க) ஆரம்பிக்கணும்.

அப்புறம் ஸ்டெம், அதாவது ஒரே ட்ராக்கை பிரிச்ச ஃபைலுங்க. ட்ரம்ஸ் தனி, ஸ்ட்ரிங்ஸ் தனி, மெலடி தனி, பின்னாடி நீளமா ஓடற பேட் சத்தம் தனின்னு பிரிச்சுக் குடுங்க. மெலடி ஸ்டெம்மை மட்டும் ம்யூட் பண்ணினா வசனத்துக்கு அடியில போடற வெர்ஷன் ரெடி, புதுசா எதுவும் எழுத வேணாம். ஒவ்வொரு முக்கியமான தீமுக்கும் பியானோ மட்டும் ஒண்ணு, ஸ்ட்ரிங்ஸ் மட்டும் ஒண்ணு, ஸ்லோ ஒண்ணு, அஞ்சு பத்து செகண்ட் துண்டு ஒண்ணுன்னு வச்சிருங்க. அந்தத் துண்டுங்கதான் சீன் மாறற இடத்துலயும் நடுவுல விளம்பரம் வர்றதுக்கு முன்னாடியும் ஓடும், அதை எழுத யாருக்கும் ஆசை இருக்காது, ஆனா எடிட்ல மொதல்ல தேடறது அதைத்தான்.

ஒண்ணு சொல்லணும், லிஸ்ட்ல இருக்கறதை மட்டும் எழுதிக் குடுத்துட்டு வர்றவங்க கூட்டத்துல யோகோ கான்னோ மாதிரி ஆளுங்களும் இருக்காங்க. கௌபாய் பீபாப் 1998, டைரக்டர் ஷினிசிரோ வாடனாபே, இவர் கேக்காத ட்யூனை எல்லாம் கான்னோ தன் இஷ்டத்துக்குப் போட்டுக் கொண்டுவந்து குடுப்பாங்களாம், அதைக் கேட்டு அவர் புது சீனையே யோசிப்பாராம், அவரே சொன்ன விஷயம். அதனால மெனுல 30 இருந்தா கூட ரெண்டு மூணு உங்க இஷ்டத்துக்கு எழுதி வச்சுக் குடுங்க, தப்பே இல்ல. ஆனா கேட்ட 30-ஐ முடிச்சிட்டு.

எல்லா டிவி சீரிஸும் இப்படித்தான்னும் சொல்லிட முடியாது. டீமன் ஸ்லேயர்ல யூகி காஜியுராவும் கோ ஷீனாவும் படத்தைப் பாத்து சீனுக்கு சீன் எழுதினவங்க. அதுக்கு அனிமேஷன் சீக்கிரமே ரெடியாகணும், காசும் வேணும். எல்லா ஸ்டுடியோவுக்கும் அது நடக்காது.

இப்போ சினிமா. அனிமே படமா இருந்தாலும் சரி, ஆளுங்க நடிச்ச படமா இருந்தாலும் சரி, இங்க படம்தான் முதலாளி. வேலை ஸ்பாட்டிங்லருந்து ஆரம்பிக்கும், டைரக்டர், எடிட்டர், நீங்க மூணு பேரும் உக்காந்து படத்தை ஓட்டி, எங்க மியூசிக் வரணும், எங்க போகணும், எங்க வரவே கூடாதுன்னு டைம்கோடோட குறிச்சுக்கறது. ஒவ்வொரு துண்டுக்கும், அதைத்தான் க்யூன்னு சொல்லுவாங்க, ஒரு நம்பர், ஹாலிவுட் வழக்கத்துல 1எம்1ன்னா முதல் ரீல்ல முதல் மியூசிக், 3எம்2ன்னா மூணாவது ரீல்ல ரெண்டாவது. ஃபிலிம் ரீலே இல்லாத காலத்துலயும் இந்த நம்பர் ஓடிட்டுதான் இருக்கு. ஷார்ட் ஃபிலிம் பண்றவங்க இதெல்லாம் எதுக்குன்னு விட்டுடறாங்க, அப்புறம் மியூசிக்_ஃபைனல்_புதுசு_2ன்னு ஃபைலை வச்சுட்டு மிக்ஸ் நேரத்துல முழிக்கிறாங்க.

ஸ்பாட்டிங்ல மியூசிக் வேணாம்னு சொல்ற இடத்தைத்தான் கவனமா எழுதிக்கணும். ஜோ ஹிசாய்ஷி 1986-ல லபுடாவுக்கு, அதான் அனிமே டைரக்டர் மியாசாகியோட வானத்துல மிதக்கற கோட்டை படத்துக்கு மியூசிக் போட்டப்போ 124 நிமிஷப் படத்துல சுமாரா ஒரு மணி நேரம்தான் மியூசிக். மீதி காத்து, இன்ஜின், காலடிச் சத்தம். அப்புறம் டிஸ்னி அமெரிக்கால அதை வெளியிட ரெடி பண்ணப்போ, அங்க ஜனங்களுக்கு இவ்ளோ நேரம் மியூசிக் இல்லாம இருந்தா சரிப்படாதுன்னு சொல்லி, ஹிசாய்ஷியே 1999-ல பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு திரும்ப எழுதி ஒன்றரை மணி நேரம் பக்கமா நீட்டினார். ரெண்டு வெர்ஷனும் கிடைக்குது, மேலருந்து பொண்ணு மெதுவா இறங்கற சீன், ஆரம்பத்துல கொள்ளைக்காரங்க கப்பல்ல ஏறற சீன் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாருங்க. எனக்கு பழசுதான் பிடிக்கும், புதுசுல ஆர்கெஸ்ட்ரா அழகா இருக்கு ஆனா எல்லாத்தையும் நமக்கு எடுத்துச் சொல்லிட்டே இருக்கு. பிடிக்கலைன்னு நீங்க சொன்னாலும் சரி, ஒரே கம்போசர், ஒரே படம், ரெண்டு கணக்குன்னு பாடம் படிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அடுத்து ஹிட் பாயின்ட். சீன்ல கதவு திறக்கற இடம், கத்தியை உருவற இடம், அவ திரும்பிப் பாக்கற இடம், இதுல எதெது மியூசிக்கோட சேந்து விழணும்னு முடிவு பண்ணணும். எல்லாத்தையும் பிடிக்க நினைச்சா கார்ட்டூன் ஆகிடும், ஒரு க்யூவுக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு.

கணக்கு இப்படி. உதாரணத்துக்கு க்யூ ஆரம்பிச்சு 37.5 செகண்ட்ல கதவு திறக்குதுன்னு வச்சுக்கங்க. டெம்போ 96 வச்சா ஒரு பீட் 0.625 செகண்ட், 24 ஃப்ரேம் ஓடற படத்துல சரியா 15 ஃப்ரேம். 37.5ஐ 0.625ஆல வகுத்தா 60 பீட், அதாவது நாலு பீட் பார்ல 15 பார் முழுசா முடிஞ்சு 16வது பாரோட முதல் பீட்ல கதவு திறக்குது. நீங்க எதையும் இழுக்கவோ முறுக்கவோ வேணாம், மியூசிக் தானா அங்க போய் விழும். இந்த டெம்போவை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா சீனை ஓட்டிட்டு கையால தட்டிப் பாருங்க, ஒரு 90லேருந்து 100க்குள்ள சரியா இருக்கும்னு தோணுச்சுன்னா, அந்த ரேஞ்சுல எந்த நம்பர் ஹிட்டை பாரோட தலையில கொண்டு வைக்குதுன்னு தேடுங்க. சாஃப்ட்வேரே இதைப் பண்ணிக் குடுக்கும், ஆனா ஒரு தடவையாவது பேப்பர்ல போட்டுப் பாத்தாத்தான் பிடிபடும்.

இப்போ எடிட்டர் போன் பண்றார். பிக்சர் லாக், அதாவது இனி எடிட்ல எதையும் மாத்தமாட்டோம்னு சொன்னது லாக் இல்ல, கதவுக்கு முன்னாடி 1.25 செகண்ட் தூக்கிட்டோம்ங்கறார். இது கண்டிப்பா நடக்கும், நடக்காத படம் இல்ல. ஹிட் இப்போ 36.25 செகண்ட்ல இருக்கு, வகுத்தா 58 பீட். ரெண்டு பீட் குறையுது. நடுவுல எங்கயாவது மெலடி மூச்சு வாங்கற இடத்துல ஒரு நாலு பீட் பாரை ரெண்டு பீட் பாரா மாத்திடுங்க, 14 பார் நாலு பீட், ஒரு பார் ரெண்டு பீட், மொத்தம் 58, கதவு திரும்ப 16வது பார் முதல் பீட்லயே திறக்குது. வேற வழி, 60 பீட்டை அப்படியே வச்சுட்டு டெம்போவை 99.31க்கு ஏத்தறது. ஆக்‌ஷன்னா ரெண்டாவது வழி பரவாயில்ல, ஸ்லோ சீன்னா மூணு புள்ளி ஏறினாலும் பதட்டமா கேக்கும், அதுக்கு முதல் வழிதான் நல்லது. லைவ்வா வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி முடிச்சாச்சுன்னா முதல் வழி மட்டும்தான் இருக்கு, அதுவும் நீங்க வெட்டறதுக்கு இடம் விட்டு எழுதியிருந்தா மட்டும்.

டெம்ப் ட்ராக் பத்தி ஒரு வார்த்தை. எடிட் பண்ணும்போது வேற படத்து மியூசிக்கை வச்சு ஓட்டியிருப்பாங்க, டைரக்டர் அதை நூறு தடவை கேட்டுக் கேட்டு அதுவே வேணும்னு நிப்பார். அந்த ட்யூனைக் காப்பி அடிக்காதீங்க. அதுல அவருக்கு எது பிடிச்சிருக்குன்னு கேளுங்க, டெம்போவா, அந்த இடத்துல ட்ரம்ஸ் நிக்கறதா, இல்ல சும்மா பெருசா இருக்கறதா. பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கும், அதை உங்க ட்யூன்ல குடுத்துட்டா ஆள் அமைதியாகிடுவார்.

வசனம் இருக்கற சீன்ல என்ன பண்றதுன்னு எல்லாரும் வால்யூமைக் குறைக்கச் சொல்லுவாங்க. குறைச்சா மியூசிக் மேல துணி போட்டு மூடின மாதிரி ஆகிடும். எழுதும்போதே விலகிப் போங்க. ஆம்பளைக் குரல் பேசும்போது செல்லோ சோலோவும் ஹார்ன் மெலடியும் அதே உயரத்துல மோதும், மேல வயலின் நீளமா ஒரு நோட்டும் கீழ பேஸும் வச்சுட்டு நடுவை காலியா விடுங்க. 1லேருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கற இடம்தான் சொல்லு புரியற இடம், அங்க ஹைஹாட்டும் பளபள சின்தசைசர் சத்தமும் போய் உக்காந்தா டைரக்டர் மியூசிக்கைத்தான் குறைப்பார், வசனத்தை இல்ல. மெலடி நகரணும்னா ஆள் பேசி முடிச்ச இடைவெளில நகரட்டும். வசனம் முடியறதுக்கு முன்னாடியே மியூசிக் அழ ஆரம்பிச்சா ரொம்ப மோசம்.

இதுவரைக்கும் படம் முன்னாடி, மியூசிக் பின்னாடி. தலைகீழாவும் நடக்கும், அங்கதான் ஆல்பத்துக்கும் ஸ்கோருக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. ஜப்பான்ல இதுக்கு இமேஜ் ஆல்பம்னு தனி வழக்கமே உண்டு. படம் ரெடியாகறதுக்கு முன்னாடியே, கதையை மட்டும் வச்சுட்டு ஒரு முழு ஆல்பம் போட்டு வெளியிட்டுடறது. ஹிசாய்ஷி மியாசாகியோட கிப்ளி ஸ்டுடியோ உலகத்துக்குள்ள வந்ததே அப்படித்தான். நௌசிகா படம் 1984 மார்ச்ல வந்துச்சு, இமேஜ் ஆல்பம் 1983 நவம்பர்லயே வந்துடுச்சு. அப்போ அவர் அவ்ளோ பிரபலம் இல்ல, ஆல்பம் மட்டும் பண்றதுக்குத்தான் கூப்ட்டாங்க, மியாசாகியும் ப்ரொட்யூசரா இருந்த தகாஹாதாவும் அதைக் கேட்டுட்டு படத்தையும் இவரே பண்ணட்டும்னு பிடிச்சுக்கிட்டாங்க. அந்த ஆல்பத்துல ட்ராக் பேரைப் பாத்தா சீன் பேரே இருக்காது, ஓமுங்கற பூச்சி, மேவேங்கற பறக்கற வண்டி, விஷக் காடு, இப்படி கதையில இருக்கற பொருள், இடம். எந்த நிமிஷத்துல என்ன நடக்குதுன்னு தெரியாது, அதனால அந்தப் பொருளுக்கு என்ன குணம்னு மட்டும் யோசிச்சு எழுதறார். டொட்டோரோவுக்கு 1987-ல பாட்டாவே ஒரு இமேஜ் ஆல்பம் வந்துச்சு, படம் அடுத்த வருஷம்.

இதை நீங்களும் பண்ணலாம், பைசா செலவில்லாத வழி. டைரக்டர் ஃப்ரெண்டு ஸ்கிரிப்ட் எழுதிட்டு இருக்கும்போதே அவர்கிட்ட பத்து வார்த்தை கேளுங்க. சோகம், பயம், சந்தோஷம்னு சொன்னா திருப்பி அனுப்புங்க. அப்பாவோட பழைய ஸ்கூட்டர், மொட்டை மாடி தண்ணி டேங்க், ஆஸ்பத்திரி வராந்தா, அந்த மாதிரி பொருளா, இடமா வேணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிமிஷம், ஒரு வாத்தியம், டெம்போ காட்டற க்ளிக் சத்தம் கூட வேணாம். ஷூட்டிங்குக்கு முன்னாடி அவர் கேட்டுட்டாருன்னா டெம்ப் ட்ராக் தொல்லையே பாதி போயிடும், ஏன்னா எடிட்ல டெம்ப்பா ஓடறது உங்க மியூசிக்காவே இருக்கும். இத்தாலில எனியோ மோரிகோனே செர்ஜியோ லியோனேவோட 1968 வெஸ்டர்ன் படத்துக்கு முன்னாடியே ட்யூன் ரெக்கார்ட் பண்ணிக் குடுத்து, அதை ஷூட்டிங் ஸ்பாட்ல ஓடவிட்டு நடிகருங்க நடந்தாங்க. இன்டர்ஸ்டெல்லருக்கு நோலன் ஹான்ஸ் ஸிம்மர்கிட்ட விண்வெளிப் படம்னே சொல்லலை, ஒரு அப்பாவும் குழந்தையும் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுத்தார், ஸிம்மர் ஒரே நாள்ல ஒரு பீஸ் வாசிச்சுக் காட்டினார், அதுக்கப்புறம்தான் இது என்ன படம்னே அவருக்குத் தெரிஞ்சுது. மகோடோ ஷின்காயோட யுவர் நேம், 2016, அங்கயும் ராட்விம்ப்ஸ்ங்கற ராக் பேண்டோட பாட்டு முன்னாடியே வந்து, அதுக்கேத்த மாதிரி சீனை அவர் திருத்திக்கிட்டார்.

இதோட உச்சம்னா 1988 அகிரா. கெய்னோ யமாஷிரோகுமிங்கற பெரிய கூட்டம், பாலி தீவோட மூங்கில் வாத்தியம் ஜெகோக், ஜப்பானோட பழைய 'நோ' நாடகப் பாட்டு, எல்லாம் கலந்து படம் முடியறதுக்கு முன்னாடியே எழுதினாங்க. ஆல்பம் பேரே சிம்ஃபோனிக் சூட் அகிரா. அதைத் தனியா கேட்டா படத்துல இருக்கறதைவிட நீளமா, முழுசா, ஒரு கச்சேரி மாதிரி இருக்கும், படத்துல அதைத் துண்டு துண்டா எடுத்துப் போட்டிருக்காங்க. அதனாலதான் படமே பாக்காதவங்களும் அந்த ஆல்பத்தை வச்சுக் கேக்கறாங்க.

சரி, கடைசியா ஸ்கோர் முடிஞ்சாச்சு, ஆல்பமா போடணும். இங்க நிறைய பேர் பண்றது, க்யூ ஃபைலை எல்லாம் அப்படியே வரிசையா ஏத்தி விட்டுடறது. 38 ட்ராக், ஒவ்வொண்ணும் 40 செகண்ட், ஒண்ணு சூடு பிடிக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். படத்துல அது போதும், ஏன்னா அங்க மீதியை படம் சொல்லுச்சு. தனியா கேக்கும்போது அந்த மீதியை நீங்கதான் எழுதணும்.

ஜான் வில்லியம்ஸ் 1977-ல ஸ்டார் வார்ஸுக்கு ரெண்டு எல்பி போட்டப்போ படத்து வரிசையைத் தூக்கி ஓரமா வச்சிட்டு, கேக்கறதுக்கு எது நல்லா ஏறி இறங்குதோ அந்த வரிசையில அடுக்கினார், சில க்யூவை ஒண்ணா ஒட்டினார். நீங்களும் அப்படி ஒட்டுங்க. ஒரே தீம்ல மூணு சின்ன க்யூ இருந்தா சேத்து மூணு நிமிஷ ட்ராக் ஆக்குங்க, நடுவுல ரெண்டு பார் பாலம் எழுதணும், அது புது வேலைதான். தொங்கல்ல விட்ட முடிவுகளுக்கெல்லாம் ஒழுங்கா ஒரு முடிவு எழுதுங்க. ஹிட்டுக்காக போட்ட அந்த ரெண்டு பீட் பாரை திரும்ப நாலு பீட்டாக்குங்க, படம் இல்லாம கேட்டா அங்க கால் இடறும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போற பேட் சத்தம், ரெண்டு நோட் சஸ்பென்ஸ் எல்லாம் ஆல்பத்துல வேணாம், மனசு வராது ஆனா தூக்குங்க. ஹிசாய்ஷி இதுல ஒரு படி மேல போவார், மோனோனோகே படம் 1997, ஸ்கோர் ஆல்பம் தனியா வந்துச்சு, அடுத்த வருஷம் அதே தீமுங்களை செக் ஃபில்ஹார்மோனிக்கை வச்சு சிம்ஃபோனிக் சூட்டா முழுசா திருப்பி எழுதி இன்னொரு ஆல்பம். 1996-ல வந்த இமேஜ் ஆல்பத்தையும் சேத்தா ஒரே கதைக்கு மூணு ஆல்பம். மூணையும் வரிசையா கேட்டா நான் இங்க இவ்ளோ நேரம் எழுதினதெல்லாம் காதுலயே கிடைக்கும்.

நீளம் பத்தி ஒரு சுவாரசியமான விஷயம், 80, 90கள்ல வந்த ஹாலிவுட் ஸ்கோர் ஆல்பம் பலது அரை மணி நேரம்தான் இருக்கும். கம்போசரோட ரசனைன்னு நினைச்சுக்குவோம், ஆனா முக்கியக் காரணம் காசு. அங்க ஆர்கெஸ்ட்ராகாரங்க யூனியன் விதிப்படி படத்துக்கு வாசிச்சதை ஆல்பத்துல போட்டா தனியா சம்பளம் குடுக்கணும், நிமிஷம் ஏற ஏற பில்லும் ஏறும். இப்போ அந்தத் தடை பெருசா இல்ல, அதனால ஆல்பம் எல்லாம் ரெண்டு மணி நேரம் ஓடுது, எல்லாம் நல்லதுக்குன்னு சொல்ல முடியாது.

மிக்ஸும் வேற. படத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ்ல, மேல நிறைய காலி இடம் (ஹெட்ரூம்) விட்டு, சத்தத்தை அமுக்கற லிமிட்டர் போடாம ஸ்டெம்மா குடுக்கணும், வசனத்துக்கும் எஃபெக்ட்ஸுக்கும் நடுவுல மிக்ஸரே உக்கார வைப்பார். நெட்ஃபிளிக்ஸுக்குப் போற படம்னா வசனத்தை வச்சு அளந்து மைனஸ் 27 லஃப்ஸ்ல (சத்தம் எவ்ளோ பெருசுன்னு அளக்கற யூனிட்) நிக்கணும், ஜப்பான் டிவி மைனஸ் 24. ஸ்பாட்டிஃபை சுமாரா மைனஸ் 14 லஃப்ஸுக்கு சரி பண்ணிக்கும். அதுக்காக படத்து மிக்ஸை அப்படியே பிடிச்சு மைனஸ் 14க்கு நசுக்காதீங்க, படத்துல அடக்கி வச்ச மெலடியை மேல கொண்டுவந்து புதுசா மிக்ஸ் பண்ணுங்க, வசனத்துக்காக காலியா விட்ட நடுவை இப்போ நிரப்பலாம். அனிமே ஓப்பனிங் பாட்டுன்னா டிவில ஓடற 90 செகண்ட் வெர்ஷனும் முழு வெர்ஷனும் தனித்தனி அரேஞ்ச்மென்ட், முழுசை வெட்டி 90 ஆக்கினா கோரஸ் வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுடும், முதல்லயே ரெண்டையும் ப்ளான் பண்ணுங்க.

படமே இல்லாம ஆல்பம் மட்டும்னா? நம்ம ஊர்லயே இருக்கு, இளையராஜா 1986-ல போட்ட ஹவ் டு நேம் இட். ரீரெக்கார்டிங்ல தினம் சீனுக்கு அளந்து எழுதின கை, அளவே இல்லாம எழுதினா எப்படி இருக்கும்னு அதுல கேக்கலாம். பீஸ் எங்க திரும்பணும்னு எந்த ஷாட்டும் அங்க சொல்லலை, அந்த வேலையை கவுன்டர்பாயின்ட் செய்யுது, ஒரு குரலை இன்னொரு குரல் துரத்துது. படம் இல்லாத ஆல்பத்துக்கு இந்த மாதிரி உள்ளுக்குள்ளயே ஒரு இன்ஜின் வேணும், மூட் மட்டும் வச்சு ஓட்டினா பத்தாவது நிமிஷம் பின்னணில போயிடும்.

பழகறதுக்கு இப்படிப் பண்ணுங்க. எட்டு பார்ல ஒரு ட்யூன் எழுதுங்க. அதையே மேல சொன்ன எம்-4 மாதிரி வெட்டறதுக்கு வாகா ரெண்டு நிமிஷம் ஆக்கி, ஒரு ஃப்ரெண்டுகிட்ட குடுத்து அவர் கைல இருக்கற ஏதாவது வீடியோவுக்கு உங்களைக் கேக்காம வெட்டிப் போடச் சொல்லுங்க, ஒட்டு எங்க தெரியுதுன்னு பாருங்க. அப்புறம் ஒரு நிமிஷ சீன் ஒண்ணை சவுண்டை எடுத்துட்டு வச்சுக்கிட்டு, ஒரே ஒரு ஹிட் பாயின்ட் குறிச்சு, அதே ட்யூனை அளந்து எழுதுங்க, முடிச்சதும் அந்த சீன்ல ஒரு செகண்டை வெட்டிட்டு திரும்ப சரி பண்ணுங்க. மூணாவதா படத்தை மூடி வச்சுட்டு அதே ட்யூனை நாலு நிமிஷ ட்ராக்கா எழுதுங்க. மூணாவதுதான் கஷ்டமா இருக்கும், எல்லாரும் அதான் சுலபம்னு நினைச்சு ஆரம்பிக்கறது.

ப்ராஜெக்ட் கைக்கு வந்தா எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆல்பம் உரிமை யாருக்குன்னு எழுத்துல வாங்கிடுங்க. ஷார்ட் ஃபிலிம்காரங்க இதைப் பேசவே மாட்டாங்க, படம் யூட்யூப்ல ஓடினதும்தான் பிரச்னை வரும், நீங்க ட்ராக்கை தனியா ஏத்தினா அவங்க சேனல்லருந்தே க்ளெய்ம் விழும். இந்தியால 2012-ல வந்த காப்பிரைட் திருத்தத்துக்கு அப்புறம், படத்துக்கு எழுதின மியூசிக் தியேட்டருக்கு வெளியில வேற வழில பயன்பட்டா அதுக்கு வர்ற ராயல்டில கம்போசருக்கு இருக்கற பங்கை எழுதி வாங்கிக்க முடியாது, வாரிசுக்கும் காப்பிரைட் சொசைட்டிக்கும் தவிர. அந்தப் பணம் வரணும்னா ஐபிஆர்எஸ்ல, அதான் மியூசிக் எழுதறவங்களோட காப்பிரைட் சொசைட்டில, சேரணும், க்யூ ஷீட் ஒழுங்கா இருக்கணும், எந்த க்யூ, எத்தனை செகண்ட், யார் எழுதினதுன்னு. ஸ்பாட்டிங் அன்னிக்கே நம்பர் போட்டு வச்சிருந்தா இது ஒரு சாயங்கால வேலைதான்.